கட்டு, மாட்டு, பூட்டு: ஓர் ஆங்கில வினைச்சொல்

(கண்டமங்கலம் ஒன்றிய ஆசிரியர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரை)



விடைத்தாளில் அவசரப்பட்டுப் போட்ட சிவப்புக் கோடு ஒன்றைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். போட்டவன் நான்தான்.

7ஆம் வகுப்புச் சொற்பொருள் தேர்வில் 'ஃபாசன்' என்ற வினைச்சொல்லுக்கு ஒரு மாணவி 'வேகப்படுத்து' என்று எழுதியிருந்தாள். அடித்துவிட்டு, 'கட்டு, பிணை' என்று எழுதிக் கொடுத்தேன். அவள் எழுந்து கேட்டாள்: "ஐயா, 'ஷார்ட்' என்றால் குட்டை, 'ஷார்ட்டன்' என்றால் குட்டையாக்கு. 'வைட்' என்றால் அகலமான, 'வைடன்' என்றால் அகலமாக்கு. அப்படியானால் 'ஃபாஸ்ட்' என்பதிலிருந்து வருவது வேகமாக்குதானே?" எனக்கு விடை தெரியவில்லை. "புத்தகத்தில் உள்ளதைப் படி" என்று உட்கார வைத்தேன். அதன்பின் அந்த வாரம் முழுவதும் அவள் கை உயரவே இல்லை.

மனம் கேட்காமல் அகராதியைப் புரட்டினேன். 'ஃபாஸ்ட்' என்பதன் பழைய பொருள் 'உறுதியான' என்பதாம். வேகம் என்ற பொருள் பின்னால் வந்து சேர்ந்தது. சாயம் போகாத துணியை இன்றும் 'ஃபாஸ்ட் கலர்' என்கிறோம். அங்கே வேகம் ஏது? ஆழ்ந்த உறக்கத்தை 'ஃபாஸ்ட் அஸ்லீப்' என்பதும் அவ்வாறே. ஆக, 'ஃபாசன்' என்றால் உறுதியாக்கு, அசையாமல் பொருத்து. மாணவி கண்ட சொல்லாக்க விதி சரி; அந்தப் பழைய பொருளை நான் சொல்லித் தராததுதான் குறை. அவள் எழுதிய பொருளுக்கு உரிய சொல் 'ஹேசன்'. இரண்டிலும் எழுத்தில் வரும் 'டி' ஒலிப்பதில்லை.

அடுத்த வாரம் வகுப்பில் இதை அப்படியே சொன்னேன். அவள் தாளில் 'நல்ல கேள்வி' என்று எழுதினேன்.

பிறகு பிள்ளைகளே எடுத்துக்காட்டு தந்தார்கள். கன்றை முளையில் கட்டுகிறோம், சட்டைப் பொத்தானை மாட்டுகிறோம், கதவைத் தாழிடுகிறோம், தலைக்கவச வாரைப் பூட்டுகிறோம். தமிழில் பொருளுக்கேற்ப வினை மாறுகிறது. ஆங்கிலத்தில் நான்குக்கும் 'ஃபாசன்' பொருந்தும். எதனோடு என்று சொல்ல 'டு' சேர்க்க வேண்டும்: 'ஃபாசன் த ரோப் டு த போஸ்ட்'. பசையால் ஒட்டுவதற்கு 'ஸ்டிக்', மின்னஞ்சலில் கோப்பை இணைப்பதற்கு 'அட்டாச்' என்று வேறுபாட்டையும் காட்டலாம்.

ஆசிரியர்களே, சிவப்புக் கோடு போடும் முன், "இந்த விடை உனக்கு எப்படித் தோன்றியது?" என்று ஒரு முறை கேளுங்கள். இப்போது நான் கேட்கிறேன். அந்த மாணவியின் கையும் மீண்டும் உயர்கிறது.