டி.சி. கிழிச்சா தீர்ந்துடுமா?

நைட் ஷிப்ட் முடிச்சுட்டு தூக்கத்தையும் விட்டுட்டு வந்திருக்கிற தம்பிகளே! (கைதட்டல்) அந்தக் கைதட்டல் உங்களுக்கே சேரட்டும்.

1998-ல இருங்காட்டுக்கோட்டை கார் கம்பெனியிலிருந்து முதல் கார் உருண்டு வந்தது. அப்புறம் ஒரகடம், சுங்குவார்சத்திரம்னு ஏரிக்கரை எல்லாம் கம்பெனி. நல்லது! ஆனா சாயங்காலம் வீட்டுல யார்? அப்பா நைட் ஷிப்டுக்குப் போற வரைக்கும் தூக்கம். அம்மா மத்தியான பி ஷிப்ட். குக்கர்ல சோறு, கதவுல சாவி, பையன் கையில இருபது ரூபாய். அந்த இருபது ரூபாய் எங்கே போகுது? பெட்டிக்கடைக்கு!

அங்கே விற்கிற கூல் லிப் தெரியுமா? சின்னப் புகையிலைப் பை. துப்ப வேண்டாம். ஈறுக்கும் உதட்டுக்கும் நடுவுல ஒதுக்கிக்கிட்டு கணக்குப் பாடமே கேட்கலாம், வாத்தியாருக்குத் தெரியாது. 2013-லயே குட்கா, பான்மசாலாவுக்குத் தடை போட்ட மாநிலம் இது. பள்ளிக்கூடத்துக்கு நூறு கெஜத்துக்குள்ள புகையிலை விற்கக் கூடாதுன்னு மத்திய சட்டமே இருக்கு. கெஜக்கோலோட யாராவது போய் அளந்தாங்களா?

போன மாசம் இதே தெருவுல சிலபேர் போதை ஒழிப்புப் பேரணி நடத்தினாங்க. பேர் சொல்ல மாட்டேன். பேனருக்குப் பணம் போட்டவர் யாரு? பெட்டிக்கடைக்கு மொத்த சரக்கு இறக்குறவர்! (சிரிப்பு) சிரிக்காதீங்கய்யா, வயிறு எரியுது.

2019-ல பள்ளி மாணவர்கள்கிட்ட எடுத்த சர்வே சொல்லுது: இந்தியாவுல 13 முதல் 15 வயசு மாணவர்கள்ல நூத்துக்கு எட்டுக்கும் மேல அப்போ புகையிலை பயன்படுத்திக்கிட்டிருந்தவங்க. பெரிய வகுப்புன்னா நாலு பிள்ளை! அந்த நாலுக்கும் டி.சி. கிழிச்சு வெளியே அனுப்பினா? பள்ளிக்கூடம் சுத்தம். பையன் நேரா அந்தப் பெட்டிக்கடைக்குத்தான் போவான், இனி முழு நாளும்.

நம்ம பக்கத்து அரசுப் பள்ளியில ஒரு பி.டி. வாத்தியார். பேர் சொன்னா கோபப்படுவார். ஒருத்தன் சட்டைப்பையில பாக்கெட் அகப்பட்டது. எல்லாரும் டி.சி.ன்னாங்க. அவர் பையனை வாலிபால் கோர்ட்டுல நிறுத்தினார். அன்னைக்கு ராத்திரி கம்பெனி பஸ் ஸ்டாப்புல காத்திருந்து, பி ஷிப்ட் முடிஞ்சு இறங்கின அம்மாகிட்ட சத்தமில்லாம சொன்னார். அடிக்காதீங்கம்மா, சாயங்காலம் ஆறு வரைக்கும் என்கிட்ட விடுங்கன்னார். (பலத்த கைதட்டல்) இன்னைக்கு அந்தப் பையன் ஐ.டி.ஐ.-ல படிக்கிறான்!

கைதட்டினது போதும். அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு வீட்டுக்கு ஒருத்தர் வாங்க. டி.சி.ன்னு யாராவது வாய் திறந்தா எழுந்து நில்லுங்க. ஆறு மணி வரைக்கும் மைதானத்தைத் திறந்து வைக்கச் சொல்லிக் கேளுங்க.