கருவண்டின் தச்சு வேலை

2017இல் அமெரிக்கா ஒரு பம்பிள் தேனீயை அழியும் ஆபத்திலுள்ள இனமாக அறிவித்தது. குளிர்நாட்டுப் பிராணி அது, இலங்கையில் இல்லை. அதன் மகரந்தச் சேர்க்கை வேலையை இங்கே செய்வது கருவண்டு. நாமோ அதைக் கண்டாலே விளக்குமாற்றைத் தேடுகிறோம்!

கூரையின் பனஞ்சிலாகையில் சுண்டுவிரல் நுழையுமளவு வட்டத் துளை பார்த்திருப்பீர்கள். பெண் வண்டு தாடையால் குடைந்த வீடு அது. மரத்தை அது தின்பதில்லை. உள்ளே மகரந்த உருண்டை வைத்து, அதன்மேல் ஒரு முட்டையிட்டு, மரத்தூளால் தடுப்புக் கட்டி, அடுத்த அறைக்குப் போகும். ஆண் வண்டு முகத்துக்கு நேரே வந்து மிரட்டும், ஆனால் அதற்குக் கொடுக்கே கிடையாது.

கத்தரிப்பூவின் மகரந்தம் நுனித் துளைக்குள் அடைபட்டிருக்கும். கருவண்டு பூவைப் பற்றி உடம்பை அதிரவைத்து அதை உதிர்க்கும். சாதாரணத் தேனீக்கு இந்த வித்தை தெரியாது. கொடித்தோடைப் பூவுக்கும் இந்தப் பருத்த முதுகுதான் பொருத்தம்.

கிளுவை வேலிகள் மதிலாகின்றன, பட்ட மரம் விறகாகிறது. கருவண்டு வீடு குடைய, வளவின் மூலையில் ஒரு காய்ந்த முருங்கைக் கட்டையையாவது விட்டுவையுங்கள்.