நான் எத்தனாவது ஆளு?

இன்னைக்கு விஷயம் கொஞ்சம் கனம். லிம்ஃபோமா, லுக்கீமியா மாதிரி ரத்தப் புற்றுநோய்களுக்கு இன்னும் சோதனையில இருக்கிற மருந்துகள், அதுலயும் ஆரம்பக்கட்ட சோதனை. அதாவது ஃபேஸ் ஒன் ட்ரயல். வண்டி ஓட்டிட்டே கேக்கிறவங்க, நடுவுல கணக்கு வரும்போது மட்டும் நிறுத்திட்டுக் கேளுங்க.

இதை நான் ஏன் எடுத்தேன்னா, எங்க பெரியப்பா. முப்பது வருஷம் பஸ் கண்டக்டரா இருந்தவர். அவருக்கு லிம்ஃபோமா, நிணநீர்க் கணுக்கள்ல வர்ற புற்றுநோய். ரெண்டு தடவை கீமோ கொடுத்து அடங்கி, மூணாவது தடவை திரும்ப வந்துச்சு. அப்போ டாக்டர், "ஒரு ட்ரயல் இருக்கு, யோசிச்சுச் சொல்லுங்க"ன்னு ஒரு படிவத்தைக் கொடுத்து அனுப்பினார். இருபத்தெட்டு பக்கம். தமிழ்லதான் இருந்துச்சு, ஆனா யாரும் பேசாத தமிழ். வீட்டுல அன்னைக்கு ராத்திரியே பேச்சு மாறிடுச்சு. "புது மருந்து வந்திருக்காம், ஃப்ரீயாம்!" அத்தை ஏற்கெனவே கோயிலுக்கு நேர்ந்துட்டாங்க.

நான் அந்த இருபத்தெட்டு பக்கத்தையும் படிச்சேன். 'குணமாகும்'ங்கிற வார்த்தை எங்கேயும் இல்லை. 'இதில் பங்கேற்பதால் உங்களுக்கு நேரடிப் பலன் கிடைக்காமல் போகலாம்'னு ஒன்பதாம் பக்கத்துல ஒரு வரி. எங்க வீட்டுல யார் கண்ணுலயும் படாத வரி அது.

இந்தக் குழப்பத்துக்கு ஆராய்ச்சியாளர்கள் வச்சிருக்கிற பேர் 'தெரபியூடிக் மிஸ்கன்செப்ஷன்'. 1982ல பால் ஆப்பெல்பாமும் அவர் கூட வேலை செஞ்சவங்களும் பேசின விஷயம். ஆராய்ச்சிக்குள்ள போறவர், அது தனக்காகவே திட்டமிட்ட சிகிச்சைன்னு நம்பிடறார். படிப்பு இல்லாததால வர்றது இல்லை இது. வெள்ளைக் கோட்டு போட்ட ஒருத்தர், ஆஸ்பத்திரி பெட், கையில டிரிப்ஸ்னு எல்லாமே சிகிச்சை மாதிரியே இருந்தா வேற என்ன நினைப்பாங்க?

சரி, ஃபேஸ் ஒன் என்ன கேக்குது? "இந்த மருந்து வேலை செய்யுதா?"ங்கிறது அதோட முதல் கேள்வி இல்லை. "மனுஷ உடம்பு இதை எவ்வளவு வரைக்கும் தாங்கும்?"ங்கிறதுதான் முதல் கேள்வி.

இங்கதான் அந்தக் கணக்கு வருது. ரொம்ப நாளா புழக்கத்துல இருக்கிற முறை 'த்ரீ ப்ளஸ் த்ரீ'. முதல்ல மூணு பேருக்கு ரொம்பக் குறைஞ்ச டோஸ். மூணு பேருக்கும் பெரிய பாதிப்பு இல்லைன்னா, அடுத்த மூணு பேருக்கு டோஸ் ஒரு படி ஏறும். ஒருத்தருக்குப் பாதிப்பு வந்தா, அதே டோஸ்ல இன்னும் மூணு பேர். ரெண்டு பேருக்கு வந்துட்டா அங்கயே நிறுத்திட்டு, ஒரு படி கீழ இறங்குவாங்க. அந்தக் கீழ்ப்படிதான் அடுத்த கட்டத்துக்குப் போற டோஸ்.

இதுல ஒரு சங்கடம் இருக்கு, கவனிச்சீங்களா? முதல் மூணு பேருக்கு ஆபத்து குறைவு, ஆனா மருந்து வேலை செய்ற அளவுக்குப் போகாமலேயே இருக்கலாம். கடைசி ஆட்களுக்கு வேலை செய்ய வாய்ப்பு அதிகம், ஆபத்தும் அதிகம். நீங்க வரிசையில எங்க நிக்கிறீங்கங்கிறதைப் பொறுத்து உங்க ட்ரயலே வேற. இதை உட்கார்ந்து விளக்கிச் சொல்ற டாக்டர்கள் இருக்காங்க. நேரமில்லாம கையெழுத்து மட்டும் வாங்கறவங்களும் இருக்காங்க.

ஏன் இவ்வளவு பயந்து பயந்து ஏறணும்? லண்டன் நார்த்விக் பார்க், 2006 மார்ச் 13. டிஜிஎன்1412னு ஒரு மருந்து. ஒரு வகை லுக்கீமியாவுக்கும் முடக்குவாதத்துக்கும் பயன்படும்னு எதிர்பார்த்தாங்க. ஆரோக்கியமான ஆறு இளைஞர்களுக்குக் கொடுத்தாங்க. குரங்குகள் தாங்கின அளவுல ஐநூறுல ஒரு பங்குதான் டோஸ். ஆனா ஒருத்தருக்கும் அடுத்தவருக்கும் நடுவுல விட்ட இடைவெளி சில நிமிஷம்தான். ஒன்றரை மணி நேரத்துக்குள்ள தலைவலி, வாந்தி, காய்ச்சல். அப்புறம் ஆறு பேருக்கும் உறுப்புகள் செயலிழக்க ஆரம்பிச்சது. சைட்டோகைன் புயல்னு சொல்றது இதைத்தான். நோய் எதிர்ப்பு மண்டலம் அலாரத்தை அடிச்சு நிறுத்தவே தெரியாம போயிடறது. ஆறு பேருமே பிழைச்சாங்க, ஆனா ஒருத்தர் கால் விரல்களையும் கைவிரல் நுனிகளையும் இழந்தார். இப்பல்லாம் முதல் ஆளுக்குக் கொடுத்துட்டு, காத்திருந்து பார்த்துட்டுத்தான் ரெண்டாவது ஆள். அந்த வழக்கம் இறுகினதுக்கு அந்த ஆறு பேர் ஒரு முக்கியக் காரணம்.

அதே சைட்டோகைன் புயல் ஆறு வருஷம் கழிச்சு இன்னொரு கதையில வருது. இது கொஞ்சம் நீளமாவே சொல்றேன், ஏன்னா உங்க ஃபேமிலி வாட்ஸ்அப் குரூப்ல இதோட பாதி மட்டும் வந்திருக்கும்.

கார் டி-செல் சிகிச்சை. நோயாளியோட ரத்தத்துல இருந்து டி-செல்ங்கிற வெள்ளையணுக்களை எடுப்பாங்க. எச்ஐவி வைரஸோட குடும்பத்துல இருந்து உருவாக்கின, நோய் பரப்ப முடியாதபடி மாத்தின ஒரு வைரஸை வச்சு அதுக்குள்ள ஒரு புது ஜீனைச் செருகுவாங்க. புற்றுச் செல் மேல சிடி19னு ஒரு அடையாளம் இருக்கும். அதைப் பார்த்ததும் தாக்கக் கத்துக்கிட்ட செல்களைப் பெருக்கித் திருப்பி ஏத்துவாங்க. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்துல கார்ல் ஜூன் குழு 2010ல முதல் மூணு நோயாளிகளுக்கு இதைக் கொடுத்தாங்க. ரெண்டு பேருக்கு நோய் முழுசா மறைஞ்சது. பத்து வருஷத்துக்கு மேல ஆகியும் அந்தச் செல்கள் அவங்க உடம்புல இருந்ததுன்னு 2022ல 'நேச்சர்' இதழ்ல கட்டுரை வந்துச்சு.

2012 ஏப்ரல். ஃபிலடெல்ஃபியா குழந்தைகள் மருத்துவமனை. எமிலி வைட்ஹெட், ஆறு வயசு. லுக்கீமியா ரெண்டு தடவை திரும்ப வந்த குழந்தை. இந்தச் சிகிச்சை எடுத்த முதல் குழந்தை அவதான். செல்களை ஏத்தின சில நாள்ல கடும் காய்ச்சல், ஐசியூ, வென்டிலேட்டர். பிழைக்க மாட்டாங்கிற நிலைமை. ரத்தப் பரிசோதனையில ஐஎல்-6ங்கிற ஒரு புரதம் எக்கச்சக்கமா ஏறியிருந்துச்சு. அதை அடக்க ஒரு மருந்து இருக்குன்னு கார்ல் ஜூனுக்குத் தெரியும். எப்படித் தெரியும்? அவரோட சொந்த மகளுக்குச் சிறு வயசு மூட்டுவாதம், அதுக்கான மருந்து டோசிலிசுமாப். அதைக் கொடுத்ததும் எமிலியோட உடம்பு மீள ஆரம்பிச்சது. மே 2, தன்னோட ஏழாவது பிறந்தநாள் அன்னைக்கு, கண் முழிச்சா. சில நாள்ல தெரிஞ்சது, புற்றுநோய் இல்லை. இன்னைக்கு வளர்ந்த பெண்.

அந்தக் குழந்தை அன்னைக்குப் போயிருந்தா, இந்தச் சிகிச்சையே அங்க நின்னிருக்கலாம். நின்னிருந்தா, 2017 ஆகஸ்ட்ல அமெரிக்காவுல அனுமதி கிடைச்ச கிம்ரியா கிடையாது. 4,75,000 டாலர் விலை, அன்னைய கணக்குக்கு மூணு கோடி ரூபாய்க்கு மேல. அதைப் பார்த்துட்டு இங்க ஐஐடி மும்பையும் டாட்டா நினைவு மையமும் சேர்ந்து உருவாக்கின நெக்ஸ்கார்19க்கு 2023 அக்டோபர்ல இந்திய அனுமதி கிடைச்சுது. 64 பேர் பங்கெடுத்த அதோட சோதனை முடிவுகள் 2025ல 'லான்செட் ஹெமட்டாலஜி'யில வந்துச்சு. மதிப்பிட முடிஞ்சவங்கள்ல 73 சதவீதம் பேருக்கு மருந்து வேலை செஞ்சிருக்கு. விலை அமெரிக்காவோட ஒப்பிட்டா பத்துல ஒரு பங்கு கிட்ட. அதுவும் எங்க பெரியப்பா மாதிரி ஆளுக்கு எட்டாத காசுதான், அதை மறைக்க வேண்டாம்.

ஆனா எமிலி கதையை மட்டும் கேட்டுட்டு யாரும் கையெழுத்துப் போடக் கூடாது. அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் 1991 முதல் 2002 வரைக்கும் ஆதரிச்ச, பெரியவங்களுக்கான ஃபேஸ் ஒன் புற்றுநோய் சோதனைகளை மொத்தமா அலசின ஆய்வு 2005ல வந்துச்சு. பங்கெடுத்தவங்கள்ல கட்டி சுருங்கினது 10.6 சதவீதம் பேருக்கு. மருந்தோட நச்சுத்தன்மையால இறந்தது 0.49 சதவீதம். பத்துல ஒருத்தருக்குப் பலன், இருநூறுல ஒருத்தருக்கு மரணம். இது பழைய கணக்கு. இன்னைக்குக் குறி பார்த்து அடிக்கிற மருந்துகள் நிறைய வந்திருக்கு, சில ட்ரயல்கள்ல கதையே வேற. ஒரு வகை லுக்கீமியாவுக்கான இமாட்டினிப் மருந்தோட முதல் கட்ட சோதனையில, 300 மில்லிகிராமும் அதுக்கு மேலயும் எடுத்த 54 பேர்ல 53 பேருக்கு ரத்த அணுக்களோட எண்ணிக்கை இயல்புக்கு வந்துச்சு. அந்தச் சோதனை ஆரம்பிச்சது 25 மில்லிகிராம்ல. ஆரம்பத்துல சேர்ந்தவங்களை நினைச்சுப் பாருங்க.

இந்தியாவுல சட்டம் என்ன சொல்லுது? 2019ல வந்த புது மருந்துகள், மருத்துவச் சோதனைகள் விதிகள்படி, ட்ரயலால உடம்புக்குப் பாதிப்பு வந்தா இலவச சிகிச்சை தரணும். மரணமோ நிரந்தர ஊனமோ வந்தா நஷ்டஈடு. எந்த நாள் வேணும்னாலும், காரணம் சொல்லாமலேயே நீங்க விலகலாம், அதனால உங்க வழக்கமான சிகிச்சை நிக்கக் கூடாது. சிடிஆர்ஐங்கிற அரசுப் பதிவேடு ஆன்லைன்ல இருக்கு. 2009 ஜூன்ல இருந்து பதிவு கட்டாயம். ட்ரயல் பேரைப் போட்டுத் தேடினா எந்தக் கட்டம், எத்தனை பேர், எந்த ஆஸ்பத்திரின்னு எல்லாம் வரும். அதுல இல்லைன்னா கையெழுத்துப் போடாதீங்க. இதுல எனக்கு ரெண்டாவது கருத்தே கிடையாது.

பெரியப்பா கதைக்கு வர்றேன். நான் படிச்சதையெல்லாம் அவர்கிட்ட ஒரு சாயங்காலம் சொன்னேன். அத்தைக்கு என் மேல கோபம், "நம்பிக்கையைக் கெடுக்காத"ன்னாங்க. அவர் மட்டும் அமைதியா கேட்டார். மறுநாள் டாக்டர்கிட்ட போய், "சார், இதுல நான் எத்தனாவது ஆளு?"ன்னார். டாக்டர் கொஞ்சம் தயங்கிட்டு, ரெண்டாவது டோஸ்ல மூணாவது ஆள்னு சொன்னார். "அப்ப எனக்குக் கம்மி டோஸ்தானே?" "ஆமாங்க." "எனக்கு அப்புறம் ஏறுறவங்களுக்கு இதனால கணக்கு தெரியும்?" "தெரியும்."

கையெழுத்துப் போட்டார். தெரிஞ்சுதான் போட்டார்.

முதல் ஸ்கேன்ல கட்டி வளரவும் இல்லை, குறையவும் இல்லை. நாலாவது மாசம் வளர ஆரம்பிச்சுது. ட்ரயல்ல இருந்து விலகினார், வலிக்கான சிகிச்சை மட்டும் போதும்னு வீட்டுக்கு வந்தார். அந்த ஆடி மாசம் போயிட்டார். போக்குவரத்துச் செலவு தருவாங்கங்கிறதால ஒவ்வொரு தடவை போன பஸ் டிக்கெட்டையும் நூல்ல கோர்த்து வச்சிருந்தார். கடைசி ரெண்டு டிக்கெட்டுக்குப் பணம் வரலைன்னு அத்தை இன்னமும் சொல்லிட்டே இருக்காங்க.

உங்க வீட்டுல யாருக்காவது இப்படி ஒரு படிவம் வந்திருந்தா, எந்த இடம் புரியலைன்னு எங்களுக்கு எழுதுங்க. பேர், ஆஸ்பத்திரி எதுவும் வேண்டாம். அடுத்த எபிசோடுக்கு ரத்தப் புற்றுநோய் டாக்டர் ஒருத்தர் பேச ஒத்துக்கிட்டிருக்கார், உங்க கேள்விகளை அவர்கிட்ட கேக்கிறேன்.