சுங்கக் கணக்கும் ஜெர்மனியின் ஒற்றுமையும்

(நமது சங்கக் கூடத்தில் நடந்த மாதச் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)

பி.காம். படித்தபோது பொருளாதார வரலாற்றுப் பாடத்தில், சுங்க ஒன்றியம்தான் ஜெர்மனியை ஒரே நாடாக்கியது என்று படித்தேன். பரீட்சையில் அப்படியே எழுதி மார்க்கும் வாங்கினேன். ஓய்வுபெற்ற பிறகு நிதானமாகப் படித்துப் பார்த்தால், அது பாதிதான் சரி என்று தோன்றுகிறது.

1815-இல் நெப்போலியன் வீழ்ந்தபோது ஜெர்மனி என்று ஒரு நாடே கிடையாது. பிரஷியா, ஆஸ்திரியா என்ற இரண்டு பெரியவர்கள், பவேரியா மாதிரி சில நடுத்தர ராஜ்யங்கள், குட்டி அரசுகள், சுதந்திர நகரங்கள் என்று 39 பேர் கொண்ட ஒரு தளர்ந்த கூட்டமைப்பு மட்டுமே இருந்தது. ஆளுக்கொரு சுங்கம், ஆளுக்கொரு நாணயம். ஃபிரெட்ரிக் லிஸ்ட் என்ற பொருளாதார அறிஞர் 1819-இல் வியாபாரிகள் சார்பில் ஒரு மனு கொடுத்தார். ஹாம்பர்க்கிலிருந்து ஆஸ்திரியாவுக்குச் சரக்கு அனுப்புகிறவர் பத்து அரசுகளைக் கடந்து, பத்து முறை தீர்வை கட்ட வேண்டியிருக்கிறது என்பது அதிலிருந்த முறையீடு. மனு எடுபடவில்லை.

வழி திறந்தது பிரஷியா. தேசபக்தியால் அல்ல. அதன் நிலம் கிழக்கே ஒரு துண்டு, மேற்கே ரைன் நதிப் பக்கம் ஒரு துண்டு. நடுவில் அடுத்தவர் நிலம். 1818-இல் உள்நாட்டுச் சுங்கங்களை எடுத்துவிட்டு, வெளி எல்லையில் மட்டும் தீர்வை என்று சட்டம் போட்டது. பிரஷியாவுக்குள் தீவு மாதிரி மாட்டிக்கொண்ட சிற்றரசுகளுக்குத் திண்டாட்டம். அவற்றில் ஒன்றான ஆன்ஹால்ட்-கோத்தெனுக்கு என்று சொல்லி எல்பே நதியில் சரக்கு வரும். அங்கே இறங்கியதும் ராத்திரியோடு ராத்திரியாகப் பிரஷியாவுக்குள் கடத்திவிடுவார்கள். 1828-இல் கோத்தெனும் பணிந்தது.

1834 ஜனவரி 1 அன்று பெரிய சுங்க ஒன்றியம் நடைமுறைக்கு வந்தது. 18 அரசுகள், சுமார் 2 கோடியே 35 லட்சம் மக்கள். அந்தப் புத்தாண்டு நள்ளிரவில் வரிசைகட்டி நின்ற வண்டிகள், தடுப்புக் கம்பம் தூக்கப்பட்டதும் ஆரவாரத்தோடு எல்லையைத் தாண்டியதாகச் சொல்வார்கள்.

எனக்குப் பிடித்த இடம் இனிமேல்தான். வசூலான பணத்தை எப்படிப் பிரிப்பது? வசூலான இடத்துக்கே என்றால், எல்லையில் இருப்பவருக்கே பெரும்பங்கு போய்விடும். அதனால் மக்கள்தொகைப்படி, தலைக்கு இவ்வளவு என்று வைத்தார்கள். அதற்காக 3 வருடத்துக்கு ஒரு முறை மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. வங்கியில் வருஷக்கணக்காகப் பேரேடு டேலி செய்தவன் சொல்கிறேன்: எண்ணிக்கைக்குத் தக்கபடி பணம் வரும் என்றால் ஒரு தலைகூட விட்டுப்போகாது. சிறிய மன்னர்களுக்கோ இது, தங்கள் சட்டசபையிடம் கையேந்தாமல் வரும் வருமானம். அவர்கள் சேர்ந்ததற்கு அதுவே பெரிய காரணம் என்பது என் எண்ணம். நாணயம்கூட ஒன்றாகவில்லை. வடக்கே தாலர், தெற்கே குல்டன். 1838-இல் 4 தாலருக்கு 7 குல்டன் என்று விகிதம் வைத்ததோடு சரி.

ஆஸ்திரியா வெளியே நின்றது. கூட்டமைப்புக்குள் இன்னொரு கூட்டமைப்பு முளைக்கிறது என்று அதன் அமைச்சர் மெட்டர்னிக் 1833-இலேயே பேரரசரை எச்சரித்தார். ஆனால் உயர்ந்த தீர்வையின் நிழலில் வளர்ந்த ஆஸ்திரியத் தொழில்கள் அந்த ஒன்றியத்தின் போட்டியைத் தாங்காது.

இப்போது என் பரீட்சை விடைக்கு வருகிறேன். 1866-இல் பிரஷியாவுக்கும் ஆஸ்திரியாவுக்கும் போர் மூண்டது. பவேரியா, சாக்சனி, வுர்ட்டம்பர்க் மூன்றும் முப்பது வருடத்துக்கு மேல் பிரஷியாவோடு ஒரே கல்லாவில் பங்கு வாங்கியவை. மூன்றுமே ஆஸ்திரியா பக்கம் நின்று சண்டை போட்டன! இதில் வேடிக்கை, அந்தப் போரின்போதும் சுங்க வசூல் தொடர்ந்து நடந்தது. ஜெயித்த பிரஷியா, பின்னால் வந்து சேர்ந்த ஹனோவரை விழுங்கியது. 1868-இல் சுங்க ஒன்றியத்துக்கென்றே ஒரு நாடாளுமன்றத் தேர்தல் வைத்தார்கள். தெற்கே அதிகமும் ஜெயித்தவர்கள் பிரஷிய எதிர்ப்பாளர்கள்.

தெற்கையும் வடக்கையும் கடைசியில் சேர்த்துவைத்தது 1870-இல் பிரான்ஸோடு நடந்த போர். அதற்காகச் சுங்க ஒன்றியத்துக்குப் பங்கே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆஸ்திரியா இல்லாத ஜெர்மனி என்ற எண்ணத்தை முப்பது வருடம் பழக்கிவிட்டது அதுதான். 1871-இல் பிறந்த பேரரசின் எல்லையும் பெரும்பாலும் அந்தப் பழைய சுங்க எல்லைதான்.

பெரும்பாலும் என்றேன். லக்சம்பர்க் 1842 முதல் 1918 வரை சுங்க ஒன்றியத்தில் இருந்தது. ஜெர்மன் பேரரசில் ஒருநாளும் இருந்ததில்லை. ஹாம்பர்க் நேர் எதிர். பேரரசுக்குள் இருந்துகொண்டே 1888 வரை சுங்க வளையத்துக்குள் வரவில்லை. தீர்வையில்லாத் துறைமுகப் பகுதி ஒன்றைத் தனியாக வாங்கிக்கொண்டுதான் வந்தது. அங்கே சரக்குக் கிடங்குகள் கட்டுவதற்காகச் சுமார் 20,000 பேர் வீட்டைவிட்டுக் கிளம்ப வேண்டியிருந்தது. அந்தச் செங்கல் கிடங்குகள் இன்றும் கால்வாய் ஓரம் நிற்கின்றன. ஐரோப்பா டூர் போகிறவர்கள் படகில் போய்ப் பார்க்கலாம்.

கேள்வி இருந்தால் கேளுங்கள். பின்னால் காபியும் தயாராக இருக்கிறதாம்.