வந்த கையும் சொந்தக் கையும்



லாயாங் லாயாங் வட்டாரத்தில் ரப்பர் தோட்டங்களிலும் செம்பனைத் தோட்டங்களிலும் வாழும் குடும்பங்களை மனத்தில் வைத்து இன்று பேச வந்திருக்கிறேன். கோயில் திருவிழா நெருங்கினால், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மண்வெட்டியும் பாராங் கத்தியும் எடுத்துக்கொண்டு எல்லோரும் கூடிவிடுகிறோம். ஆண்கள் கால்வாயைத் தூர் வாருகிறார்கள். பெண்கள் வளாகத்தைக் கூட்டுகிறார்கள், அடுப்பு மூட்டுகிறார்கள். பிள்ளைகள் குப்பை பொறுக்குகிறார்கள். இதற்கு மலாய் மொழியில் கோத்தோங் ரோயோங் என்று பெயர். ஊர் கூடித் தேர் இழுப்பது என்று நாம் தமிழில் சொல்வதும் இதைத்தான்.

இப்படி நாம் வேலை செய்துகொண்டிருக்கும்போது, கடல் கடந்து வந்த ஒருவர் மண்வெட்டியோடு நம் பக்கத்தில் நின்றால் எப்படி இருக்கும்? உலகின் பல கிராமங்களில் இது நடந்திருக்கிறது. நம் நாட்டுக்கே 1962 முதல் 1983 வரை அமெரிக்க அமைதிப் படையின் தொண்டர்கள் ஆசிரியர்களாகவும் தாதியர்களாகவும் வந்து வேலை செய்தார்கள். ஆப்பிரிக்க நாடுகளுக்கு அப்படிப்பட்டவர்கள் இன்றும் போய்க்கொண்டிருக்கிறார்கள். வந்தவர்கள் ஒருநாள் ஊர் திரும்பத்தான் வேண்டும். அவர்கள் போன பிறகு அந்த ஊரில் என்ன மிஞ்சுகிறது? இன்று நாம் சிந்திக்க வேண்டிய கேள்வி அதுதான்.

முதலில் இந்தியாவைப் பார்ப்போம். 1934ஆம் ஆண்டு ஜனவரி 15ஆம் நாள் பீகார் மாநிலத்தைப் பெரும் பூகம்பம் குலுக்கியது. வீடுகள் சரிந்தன. வயல்களை மணல் மூடியது. நில மட்டமே மாறியதால் பல இடங்களில் வெள்ளம் புகுந்தது. அப்போது சுவிட்சர்லாந்து நாட்டுப் பொறியாளர் பியேர் செரெசோல் சில நண்பர்களோடு அங்கே வந்தார். முதல் உலகப் போர் முடிந்ததும், 1920இல், போரில் அழிந்த ஒரு பிரெஞ்சுக் கிராமத்தைச் சீரமைக்கப் பல நாட்டவரைக் கூட்டி வேலைமுகாம் நடத்தியவர் அவர். நேற்றுவரை பகைவர்களாக இருந்த நாட்டவர்கள் அந்த முகாமில் ஒன்றாக மண் வெட்டினார்கள். பீகாரிலும் அவர் மேற்பார்வை பார்க்க மட்டும் வரவில்லை. கிராமத்தாரோடு சேர்ந்து மண் சுமந்தார். தாழ்ந்த இடத்தில் இருந்த குடியிருப்புகளை மேட்டுக்கு மாற்றும் வேலை 1937 வரை நடந்தது. துரை என்றால் குடை பிடித்து நிற்பவர் என்று பழகியிருந்த மக்களுக்கு, வெள்ளைக்காரர் ஒருவர் கூடை சுமப்பதே புதிய காட்சியாக இருந்திருக்கும்.

அடுத்து இலங்கைக்கு வருவோம். 1958ஆம் ஆண்டு டிசம்பர் மாதம், கொழும்பு நாலந்தா கல்லூரி ஆசிரியர் ஏ. டி. ஆரியரத்ன தம் மாணவர்களையும் சக ஆசிரியர்களையும் அழைத்துக்கொண்டு குருநாகல் மாவட்டத்திலுள்ள கனத்தொலுவ என்ற கிராமத்துக்குப் போனார். ரொடியா என்று பெயரிட்டு, தீண்டத்தகாதவர்களாக ஒதுக்கி வைக்கப்பட்ட மக்களின் ஊர் அது. வசதியான வீட்டுப் பிள்ளைகள் அந்த மக்களோடு தங்கினார்கள், அவர்களோடு உண்டார்கள், அவர்களோடு நிலத்தைக் கொத்தினார்கள். அந்தப் பிள்ளைகளும் ஒரு வகையில் வெளியார்தான். அதே நாட்டில் பிறந்திருந்தாலும், அந்த ஊர் வாசலை அதுவரை மிதிக்காதவர்கள் அவர்கள்.

அந்த முகாமிலிருந்து வளர்ந்ததுதான் சர்வோதய சிரமதான இயக்கம். சிரமதானம் என்றால் உழைப்பைத் தானமாகக் கொடுப்பது. காந்தியடிகளும் வினோபா பாவேயும் காட்டிய வழி இது. 1969இல் ஆரியரத்னவுக்கு மக்சைசாய் விருது கிடைத்தது. 2024இல் அவர் காலமாகும்போது, ஏறத்தாழ 15,000 கிராமங்களில் தன் பணி நடந்திருப்பதாக இயக்கம் கூறியது. ஐரோப்பாவிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் பலர் வந்து அந்தக் கிராமங்களில் தங்கி உழைத்தார்கள்.

அவர்களுடைய முறையை நாம் கவனிக்க வேண்டும். முகாம் நடத்துவதற்கு முன் ஊரார் கூடுவார்கள். சாலை முதலில் வேண்டுமா, கிணறு முதலில் வேண்டுமா என்பதை ஊர்தான் தீர்மானிக்கும். தங்க இடமும் உணவும் ஊரார் தம்மால் இயன்றவரை தருவார்கள். வேலை முடிந்ததும் எல்லோரும் வட்டமாக அமர்ந்து பேசுவார்கள். பிறகு தாய்மார்களுக்கு ஒரு குழு, இளைஞர்களுக்கு ஒரு குழு, சிறுவர்களுக்கு ஒரு குழு என்று ஊருக்குள்ளேயே குழுக்கள் அமையும். முகாம் கலைந்தாலும் குழு இருக்கும். சாலையில் பள்ளம் விழுந்தால் நிரப்பவும், கிணற்றை இறைத்துச் சுத்தம் செய்யவும் ஆள் இருப்பார்கள்.

ஆனால் அந்த இயக்கத்துக்கும் ஒரு சோதனை வந்தது. நெதர்லாந்து, நார்வே, கனடா, பிரிட்டன் முதலிய நாடுகளின் உதவி நிறுவனங்கள் பெரும் பணம் கொடுத்துவந்தன. நாளடைவில், எதைச் செய்ய வேண்டும், எப்படிக் கணக்குக் காட்ட வேண்டும் என்பதில் கருத்து வேறுபாடு முற்றியது. 1990களில் அந்தப் பணம் வெகுவாகக் குறைந்தது. சம்பளம் பெற்ற ஊழியர்கள் பலரை இயக்கம் நிறுத்த வேண்டியதாயிற்று. ஆயினும் ஊர்ச் சங்கங்கள் வேரூன்றியிருந்ததால் இயக்கம் சாயவில்லை. 2004ஆம் ஆண்டு சுனாமி வந்தபோது விரைந்து உதவிக்கு ஓடியவர்களில் சர்வோதயத் தொண்டர்களும் இருந்தார்கள். வெளியிலிருந்து வரும் உழைப்பு நம்மோடு கலந்துவிடுகிறது. வெளியிலிருந்து வரும் பணமோ, சில வேளைகளில் நமக்கு எசமானாகிவிடுகிறது. இதை நாம் மறக்கக்கூடாது.

இனி ஆப்பிரிக்கா. மலாவி என்பது ஆப்பிரிக்காவின் தென்கிழக்கில் உள்ள சிறிய நாடு. 1964இல் விடுதலை பெற்ற ஏழை நாடு. அங்கே பெண்கள் தண்ணீருக்காக வெகுதூரம் நடந்தார்கள். 1968இல் சிங்காலே என்ற இடத்தில் ஒரு திட்டம் தொடங்கியது. மலையில் சுரக்கும் நீரை ஓரிடத்தில் தேக்கிக் குழாய் வழியே இறக்கினால், நீர் தானாகவே கீழே ஓடிவரும். மோட்டாரும் வேண்டாம், எண்ணெயும் வேண்டாம். வெளிநாட்டுப் பொறியாளர்கள் அளந்து வழி காட்டினார்கள். குழாய் புதைக்கும் பள்ளத்தை மைல் கணக்கில் தோண்டியவர்கள் கிராமத்து ஆண்களும் பெண்களும்தான். எந்தக் கிராமம் எந்த நாளில் எவ்வளவு தூரம் தோண்டுவது என்பதை ஊர்க் குழுக்கள் பார்த்துக்கொண்டன. முலாஞ்சே மலையடிவாரத்திலும் பிற இடங்களிலும் இந்த முறை பரவி, பல லட்சம் பேருக்குத் தண்ணீர் கிடைத்தது.

ஆண்டுகள் ஓடின. மக்கள் தொகை பெருகியது. குழாய்கள் பழசாயின. பெரிய பழுதுகளைப் பார்க்க வேண்டிய அரசாங்கத்திடம் பணமும் ஆளும் போதவில்லை. பல குழாய்களில் தண்ணீர் நின்றுபோனது. தோண்டும்போது ஊர் முழுதும் இருந்தது. பழுது பார்க்கும் பொறுப்போ ஊரின் கையில் முழுமையாக வந்து சேரவில்லை. ஆப்பிரிக்காவில் வெளியார் போட்டுக்கொடுத்த கைப்பம்புகள் பலவற்றின் கதையும் இதுதான். பம்பு நல்ல பம்புதான். ஒரு சிறிய தோல் வளையம் தேய்ந்துவிட்டது. அதை எங்கே வாங்குவது, யார் மாட்டுவது என்று தெரியாமல் பம்பு துருப்பிடித்து நிற்கிறது. தாய்மார்கள் மறுபடியும் குடத்தோடு ஆற்றுக்கு நடக்கிறார்கள்.

நேயர்களே, இதெல்லாம் நமக்கு எதற்கு என்று கேட்கலாம். நம் தோட்டங்களுக்கும் கல்லூரி மாணவர்கள் வருகிறார்கள், பொது இயக்கத்தார் வருகிறார்கள். தமிழ்ப்பள்ளிக்கு வர்ணம் பூசுகிறார்கள், நூலகம் அமைக்கிறார்கள், பிள்ளைகளுக்கு வகுப்பு நடத்துகிறார்கள். நன்றியோடு வரவேற்போம். ஆனால் அவர்கள் வேலை செய்ய, நாம் கைகட்டி ஓரமாக நின்று வேடிக்கை பார்ப்பதும், முடிவில் படம் எடுக்கும்போது மட்டும் போய் நிற்பதும் சரியல்ல. நம் பிள்ளைகள் அதைப் பார்க்கிறார்கள். உதவி என்பது பிறர் செய்வது, பெறுவதுதான் நம் வேலை என்று அவர்கள் மனத்தில் பதிந்துவிட்டால், அந்த நட்டத்தை எந்த நூலகமும் ஈடு செய்யாது.

ஆகவே யார் உதவிக்கு வந்தாலும் மூன்று கேள்விகளை நமக்குள் கேட்டுக்கொள்வோம். இது நாம் கூடிப் பேசி வேண்டும் என்று சொன்ன வேலையா? இதில் நம் வீட்டிலிருந்து யார் கை வைக்கப் போகிறார்கள்? இவர்கள் போன பிறகு சாவி யாரிடம் இருக்கும், பழுது வந்தால் யார் பார்ப்பார்கள்? மூன்றாவது கேள்விக்கு ஒரு பெயரைச் சொல்ல முடியாவிட்டால், பெயர் கிடைக்கும் வரை வேலையைத் தொடங்க வேண்டாம். அந்தப் பெயர் ஓர் அம்மாவின் பெயராக இருந்தால் இன்னும் நல்லது. தண்ணீர் நின்றால் முதலில் தெரிவது அவருக்குத்தானே!

அடுத்த கோத்தோங் ரோயோங் நாளில், கால்வாயைச் சுத்தம் செய்து முடித்ததும் உடனே கலைந்துவிடாமல், தேநீர் குடிக்கும் நேரத்தில் இதைப் பற்றிச் சற்றுப் பேசிப் பாருங்கள்.