தற்செயலா, உண்மையா?



உளநூல் ஆராய்ச்சியாளர் ஒருவர் புதிய கற்பிக்கும் முறையொன்றைச் சில மாணவர்களிடம் கையாண்டு பார்க்கிறார். அவர்கள் ஏனையோரைவிடச் சற்றுக் கூடுதலான மதிப்பெண் பெறுகின்றனர். இஃது அம்முறையின் பயனா, வெறும் தற்செயலா? இவ்வினாவை ஆராயும் கருவியே புள்ளியியற் சோதனை.

இதனை விளக்க, ரொனால்டு ஃபிஷர் என்னும் ஆங்கில அறிஞர் 1935ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் வரும் தேநீர்ச் சோதனையையே நான் தேர்ந்துகொள்வேன். கோப்பையில் முதலில் ஊற்றியது பாலா, தேநீரா என்று சுவைத்தே சொல்ல இயலும் என்கிறார் ஒரு பெண்மணி. எட்டுக் கோப்பைகள், நான்கில் பால் முந்தியது, நான்கில் தேநீர் முந்தியது. அவற்றை வரிசை கலைத்துத் தருகிறோம். அவருக்கு அவ்வாற்றல் இல்லை என்றே தொடக்கத்தில் கொள்கிறோம். இதுவே இன்மைக் கருதுகோள். எட்டில் நான்கைத் தெரிந்தெடுக்க 70 வழிகள் உண்டு. முற்றும் சரியானது ஒன்றே. ஆகவே குருட்டாம்போக்கில் வெல்லும் வாய்ப்பு எழுபதில் ஒன்று. ஆனால், நான்கில் மூன்றையேனும் சரியாக எடுக்கும் வழிகளோ 17. ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு! எனவே ஒரு பிழை நேரினும் அவர் கூற்றை நாம் ஏற்பதற்கில்லை.

எச்சோதனையை எங்கே கையாள்வது? அளந்த பொருளின் இயல்பே வழிகாட்டும். தனித்தனியான இரு குழுக்களின் சராசரிகளை ஒப்பிட, காசெட் என்பார் 1908இல் அடிகோலிய டி-சோதனை உதவும். அதே மாணவர்களை முன்னும் பின்னும் அளந்திருந்தால், ஒவ்வொருவரிடமும் நேர்ந்த மாற்றத்தையே கணக்கிடும் இணைச் சோதனை வேண்டும். இல்லையேல் மாணவர்க்கு மாணவர் இயல்பாக உள்ள வேறுபாடு முறையின் பயனை மறைத்துவிடக் கூடும். முதலாவது, இரண்டாவது என்னும் தரவரிசை மட்டுமே கிடைத்தால் 1947இல் வெளிவந்த மான்–விட்னி சோதனை பொருந்தும். தேர்ந்தோர் இத்தனை பேர், தவறியோர் இத்தனை பேர் என்னும் எண்ணிக்கைக்குக் கார்ல் பியர்சன் 1900இல் வகுத்த கை-வர்க்கச் சோதனை ஏற்றது.

இத்தேர்வைப் புள்ளிவிவரம் திரட்டுமுன்னரே செய்தல் வேண்டும். விளைவே இல்லாதபோதும் தற்செயலாக அத்தகைய முடிவு நேரும் வாய்ப்பு நூற்றுக்கு ஐந்துக்குக் குறைந்தால் முடிவை ஏற்பது வழக்கம். உண்மையில் எவ்விளைவும் இல்லாதபோதும், ஒன்றையொன்று சாராத இருபது சோதனைகளைச் செய்தால், ஒன்றேனும் பொய்யாக வெல்லும் வாய்ப்பு நூற்றுக்கு 64. வென்றதை மட்டும் வெளியிடுவோர் தம்மையும் ஏமாற்றிப் பிறரையும் ஏமாற்றுகின்றனர்.

இது வெறும் அச்சமன்று. உளநூல் ஆய்வுகள் நூற்றைப் பல அறிஞர்கள் கூடி மீண்டும் செய்து, 2015இல் முடிவை வெளியிட்டனர். முதலில் நூற்றுக்கு 97 வெற்றி கண்டிருந்தன. மறுமுறையோ நூற்றுக்கு 36 மட்டுமே வெற்றி கண்டன.

ஆய்வின் முடிவுகள் ஏட்டோடு நிற்பதில்லை; வகுப்பறைக்கும் மருத்துவமனைக்கும் செல்கின்றன. ஆதலின், விரும்பிய விடையைத் தரும் சோதனையைத் தேடாது, வினாவுக்குரிய சோதனையைத் தேர்ந்து, அது தரும் விடையை ஏற்கும் நேர்மையைப் பயில்வீர்களாக.