பாதிப் பருவத்தில் ஆட்டக்காரர் மதிப்பு



ஐக்கிய அமெரிக்காவிலே இளவேனில் பிறந்து பேஸ்போல் பருவம் தொடங்கும் வேளையில், நண்பர்கள் பத்துப் பேரோ பன்னிரண்டு பேரோ ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்து ஏலங் கூறுவதுண்டு. அங்கு ஏலத்துக்கு வருவன பண்டங்களல்ல. நாடறிந்த பேஸ்போல் ஆட்டக்காரரின் பெயர்களே. ஒவ்வொருவரும் 260 டொலர் என்னும் வரம்புக்குள் நின்று 23 பேரைத் தெரிந்து, தமக்கென ஒரு கற்பனை அணியை அமைத்துக்கொள்வது பெருவழக்கு. மெய்யான ஆட்டக்காரர் மெய்யான மைதானத்தில் ஈட்டும் கணக்குகளே அக்கற்பனை அணிக்குரிய கணக்குகள். 1980ஆம் ஆண்டில் டானியல் ஒக்றென்ற் என்னும் எழுத்தாளரும் அவருடைய தோழர்களும் இவ்விளையாட்டை இன்றைய வடிவில் உருவாக்கினர். நியூயோர்க் நகரில் அவர்கள் கூடிய பிரெஞ்சு உணவுச்சாலையின் பெயரால் அது 'றொட்டிசறி' எனவும் வழங்கலாயிற்று.

ஏலத்தன்று காட்டும் சாமர்த்தியம் பெரிதன்று. முன்னைய ஆண்டுகளின் கணக்கைப் படித்தவர் எவரும் ஓரளவு செவ்வனே ஏலங் கேட்கலாம். அறிவுக்கு உண்மையான சோதனை ஜூலை மாதத்தில் வருகின்றது. 162 ஆட்டங்களைக் கொண்ட நெடும் பருவத்திற் பாதி கழிந்துவிட்டது. அற்பவிலைக்கு வந்த ஒருவர் வானளாவ அடித்துக்கொண்டிருக்கின்றார். பெருவிலை கொடுத்தெடுத்தவர் தடுமாறுகின்றார். யாரைக் கைவிடுவது, யாரை மாற்றிக்கொள்வது?

இதற்கு விடை காணப் பேஸ்போலின் கணக்கிலே ஒரு சிறு பகுதியை அறிந்தாற் போதும். துடுப்பெடுத்து நின்று பந்தை அடித்து, பிடிபடாமலும் முந்தப்படாமலும் முதலாந் தளத்தையேனும் அடைந்தால் அது ஒரு நல்லடி. கணக்கிற்கெடுக்கும் வாய்ப்புக்களில் எத்தனையில் நல்லடி கிடைத்தது என்பதே துடுப்புச் சராசரி. பத்தில் மூன்று வாய்ப்பில் வெல்பவர், அதாவது 0.300 பெறுபவர், சிறந்த ஆட்டக்காரர். கிரிக்கெற் பழகிய செவிகளுக்கு இது மிகச் சொற்பமாகத் தோன்றும். எனினும் பேஸ்போலிலே தோல்வியே வழமை, வெற்றி விலக்கு. அதனாலேதான் அதிர்ஷ்டத்துக்கு அங்கு இடம் அதிகம்.

1970ஆம் ஆண்டுப் பருவத்தின் தொடக்கத்தில் பதினெட்டு ஆட்டக்காரர் ஒவ்வொருவரும் 45 வாய்ப்புக்களை முடித்திருந்தனர். பிற்ஸ்பேர்க் அணியின் றொபேட்டோ கிளமென்ரே பதினெட்டு நல்லடியுடன் 0.400 என்னும் சராசரியில் முதலிடத்தில் நின்றார். நியூயோர்க் யாங்கீஸ் அணியின் இளைஞர் தேர்மன் மன்சன் எட்டே நல்லடியுடன் 0.178 என்று கீழிருந்து இரண்டாமவராகக் கிடந்தார். பதினெண்மரின் பொதுச் சராசரி 0.265.

பிரட்லி எஃப்ரன், கார்ல் மொறிஸ் என்னும் புள்ளிவிபர அறிஞர் இருவர் பின்னாளில் இந்த அட்டவணையை எடுத்து ஆராய்ந்தனர். 1956ஆம் ஆண்டில் சார்ள்ஸ் ஸ்ரைன் என்பவர் ஒரு விநோதமான உண்மையை நிறுவியிருந்தார். பலருடைய திறமையை ஒருங்கே மதிப்பிடும்போது, ஒவ்வொருவருடைய சொந்தக் கணக்கையும் அப்படியே நம்புவதைவிட, எல்லாவற்றையும் ஒரு பொது நடுவை நோக்கி இழுத்துவிடுவது மொத்தத்திற் பிழையைக் குறைக்கும் என்பதே அது. அவ்விதியின்படி, நடுவிலிருந்து ஒவ்வொருவரும் விலகி நின்ற தூரத்தில் ஐந்திலொரு பங்கை மட்டும் வைத்துக்கொண்டு எஞ்சியதைத் தள்ளிவிட்டனர். கிளமென்ரேயின் 0.400 ஏறத்தாழ 0.290 ஆகச் சுருங்கியது.

பருவம் முடிந்ததும் என்ன நிகழ்ந்தது? பதினெண்மரில் பதினாறு பேருக்குச் சுருக்கிய மதிப்பே உண்மைக்கு அணித்தாக இருந்தது. 0.333 என்று ஒளிர்ந்த ஜே ஜோன்ஸ்ரன் எஞ்சிய பருவத்தில் 0.222 மட்டுமே பெற்றார். மன்சனோ எஞ்சிய பருவத்தில் 0.316 பெற்று, அமெரிக்கன் லீக்கின் அவ்வாண்டுச் சிறந்த புதுமுகம் என்னும் விருதையும் வென்றார். முதல் 45 வாய்ப்பைக் கண்டு மனம் வெறுத்து அவ்விளைஞரை அணி ஒதுக்கியிருக்குமாயின், இழப்பு யாருக்கு நேர்ந்திருக்கும்? முதலாந் தவணைப் பரீட்சைப் புள்ளியைக் கண்டு மாணவனுக்கு 'மக்கு' என்று பெயர் சூட்டும் பெற்றோர் சிலர் இங்கு சற்று நின்று யோசிக்கலாம்.

காரணம் எளிது. 0.265 திறமையுள்ள ஒருவர் 45 வாய்ப்பில் பன்னிரண்டளவு நல்லடி பெறவேண்டும். ஆயின் தற்செயல் ஒன்றினாலேயே அது மூன்று கூடுவதும் மூன்று குறைவதும் முற்றிலும் சாதாரணம். மூன்று பந்துகள் களத்தடுப்பாளருக்கு இரண்டடி அப்பால் விழுந்ததற்கும் அவர் கையில் விழுந்ததற்கும் உள்ள வேறுபாடே அது. ஜூலை மாதத்தில், வாய்ப்புக்கள் முந்நூறை அணுகும்போது, அதே கணக்கின்படி விலகலிற் பாதிக்கு மேல் நம்பலாம். முழுவதையும் நம்பலாகாது. பாதிப் பருவத்து மதிப்பீட்டில் தொடக்கநிலையாளர் செய்யும் பெருந்தவறு, இதுவரை அடித்ததை இரண்டாற் பெருக்குவது. 2006இல் டெற்றோயிற் அணியின் கிறிஸ் ஷெல்ரன் ஏப்ரலில் மட்டும் பத்து ஹோம் ரன் அடித்தார். அப்பருவம் முழுவதிலும் அவர் பெற்றது பதினாறே. ஜூலை முடிவதற்குள் சிறிய லீக்குக்கு அனுப்பப்பட்டார்.

இவ்விதியையும் கண்மூடிப் பிடித்துக்கொள்ளக் கூடாது. ரொறன்ரோ அணியின் ஹொசே பௌட்டிஸ்ரா அதற்குமுன் எந்தப் பருவத்திலும் பதினாறுக்கு மேல் ஹோம் ரன் அடித்ததில்லை. 2010இல் 54 அடித்தார். நடுவுக்குத் திரும்புவார் என்று காத்திருந்தோர் ஏமாந்தனர். ஆயினும் அங்கே ஒரு காரணம் வெளிப்படையாக இருந்தது: 2009 பருவத்தின் இறுதியில் அவர் துடுப்பு வீச்சின் தொடக்கத்தையே மாற்றியமைத்திருந்தார். கணக்கு மாறியது மட்டும் தெரிந்தால் ஐயுறவேண்டும். கணக்கோடு செய்முறையும் மாறியது தெரிந்தால் செவிசாய்க்கவேண்டும்.

பந்தெறிவோரின் கணக்கு இன்னும் வஞ்சகமானது. 2001இல் வோறோஸ் மக்கிறாக்கன் என்பவர் வெளியிட்ட ஆராய்ச்சி பழைய நம்பிக்கைகளைக் கலக்கியது. துடுப்பிற் பட்டு மைதானத்துக்குள் விழும் பந்து நல்லடியாகுமா, வெளியேற்றமாகுமா என்பதிற் பந்தெறிபவருக்குள்ள ஆட்சி மிகக் குறைவு என்றார் அவர். தம் சொந்தத் திறத்தால் எத்தனை பேரை அடிக்கவிடாமலே வெளியேற்றுகின்றார், எத்தனை பேருக்கு இலவசமாக முதலாந் தளத்தை விட்டுக்கொடுக்கின்றார், எத்தனை ஹோம் ரன் கொடுக்கின்றார் என்பனவே பந்தெறிபவரின் உரிய கணக்கு. ஆகவே ஜூலையில், கொடுத்த ஓட்டங்கள் மிகுந்திருந்தும் இம்மூன்றும் நன்றாயுள்ள ஒருவரைத் தேடி எடுப்பவரே விவேகி. அண்டை அணிக்காரர் அவரை மலிவாகத் தர ஆயத்தமாயிருப்பார்.

அவ்வாறு தருவாரா என்பது வேறு கேள்வி. ஏலத்தில் நாற்பது டொலர் கொடுத்தவர், அந்த நாற்பதையும் நெஞ்சிலே சுமந்துகொண்டுதான் பேரம் பேசுவார். கொடுத்த பணம் போனது போனதே; அது இனி அடிக்கப்போகும் நல்லடியைக் கூட்டவோ குறைக்கவோ போவதில்லை. இதனை அறியாதார் இலர். அறிந்தபடி நடப்பாரும் அரியர்.

மேலும், மதிப்பு என்பது ஆட்டக்காரரிடம் மட்டும் இருப்பதன்று. வைத்திருப்பவரின் தேவையிலும் இருக்கின்றது. றொட்டிசறி முறையில் ஒவ்வொரு துறையிலும் அணிகளை வரிசைப்படுத்தி, பத்து அணிகளாயின் முதலிடத்துக்குப் பத்துப் புள்ளி, கடைசிக்கு ஒன்று என வழங்குவர். தளத்திருட்டு, அதாவது எதிரணி அயர்ந்த கணத்தில் அடுத்த தளத்துக்கு ஓடிச் சேர்தல், அத்தகைய துறைகளில் ஒன்று. அதிலே நாற்பது முன்னணியில் நிற்கும் அணிக்கு இன்னுமொரு வேகமான ஓட்டக்காரர் ஒரு புள்ளியும் தேடித்தரமாட்டார். அதே ஆட்டக்காரர், மூன்று நான்கு திருட்டு வித்தியாசத்தில் ஐந்து அணிகள் நெருங்கி நிற்கும் இடத்தில் உள்ளவருக்கு நான்கு புள்ளியைக் கொண்டுவரக்கூடும். இரு சாராரும் இலாபமடையும் பண்டமாற்று இவ்வாறே பிறக்கின்றது.

இவ்வளவும் கணித்தபின்னரும் ஓர் இடர் உண்டு. ஆட்டத்தின் இறுதிக் கட்டத்தில் வந்து வெற்றியைக் காத்துக்கொடுக்கும் பந்தெறிபவருக்கு 'காப்பு' என்னும் கணக்குச் சேரும். தோற்றுக்கொண்டிருக்கும் அணிகள் ஜூலை இறுதியில் அத்தகையோரை வலிய அணிகளுக்குக் கைமாற்றுவது வழக்கம். அங்கே முன்னமே ஒரு காப்பாளர் இருப்பார். வந்தவர் எட்டாம் இனிங்ஸில் எறிய நியமிக்கப்படுவார். அவருடைய வேகமும் குறியும் அணுவளவும் குன்றியிரா, சம்பளமும் குறையாது. ஆனால் அவரைக் கற்பனை அணியில் வைத்திருந்தவருக்கோ மறுநாள் முதல் காப்பு ஒன்றும் வந்து சேராது.